கிழக்குச் சுவரின் ஒற்றை ஆணி

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றிலிருந்து எங்கள் வீட்டு ஹாலில் ஒரு முள்ளம்பன்றி குடியிருக்கிறது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்தவள், அதைப் பார்த்ததில் நுரையை விழுங்கிவிட்டேன். கிழக்குச் சுவரில், வழக்கமாக ஏதாவது ஒரு சாமி சிரித்துக்கொண்டு மணி காட்டும் இடத்தில், நடுவே வட்டமாக ஒரு மரப்பலகை. அதிலிருந்து நாலா பக்கமும் தங்க நிறக் கம்பிகள். ஒவ்வொரு கம்பி நுனியிலும் ஒரு குட்டி மர உருண்டை. பட்டாசு வெடிக்கிற நேரத்தில் யாரோ "அசையாதே" என்று அதட்டிவிட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தது. எண் கிடையாது. இரண்டு முட்கள் மணி காட்டுகின்றன. மற்ற முட்களெல்லாம் நமக்கு அழகு காட்டுகின்றன.

"பெங்களூர்ல இருந்து ஆன்லைன்ல வாங்குனது," என்றாள் அம்மா. "மிட் செஞ்சுரி மாடர்ன்னு பேரு. அம்பதுகள்ல வெளிநாட்டுல வீட்டுக்கு வீடு இந்த மாதிரிதான் மாட்டுவாங்களாம்."

அப்பா செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். "எல்லாஞ் சரி சுகந்தி, மணி எங்க?"

"நேரா மேல இருக்கற கம்பி பன்னெண்டுங்க. அதுல இருந்து கணக்குப் பண்ணிக்கோணும்."

"மணி பாக்கறக்கே கணக்கு டியூஷன் போகோணுமாட்ட இருக்குதே."

விடுவேனா நான். "மிட் செஞ்சுரின்னா போன நூற்றாண்டோட நடு. மாடர்ன்னா இன்னிக்கு. தான் எந்தக் காலத்துல இருக்கோம்னு அதுக்கே தெரியல. நமக்கு எங்க நேரம் சொல்லப்போகுது?"

அப்பா சிரித்ததில் காபி லுங்கியில் சிந்தியது. இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற ஆஸ்கர் அதுதான். அந்த உற்சாகத்தில் இன்னொன்றையும் போட்டேன். "சைக்கிள் சக்கரத்தக் கழட்டி மாட்டுனாப்புல இருக்குதும்மா."

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். வேலைப்பாடும் மட்டம்தான். உச்சிக் கம்பியில் மட்டும் நுனிக்குக் கொஞ்சம் கீழே ஊதா நிறத்தில் ஒரு பொட்டு விட்டுப்போயிருக்கிறது. பெயிண்ட் அடிக்கும்போது பெங்களூர்க்காரன் தூங்கிவிட்டான் போல.

(தமிழ் மிஸ் லீவில் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். கொண்டுவந்து காட்டச் சொல்லவில்லை. அதனால் உண்மையை எழுதுகிறேன், முடிந்தவரை. பெயர் நறுமுகை. வீட்டில் நறு. பள்ளியில் நறுக். காரணம் என் வாய். ஜூனில் பிளஸ் டூ.)

ஏப்ரல் 28, திங்கள்

இன்று முழுக்க வைத்த பெயர்கள்: கம்பியழகன். வெடிச்சூரியன். மணி காட்டாத மணிமாறன். அப்பாவுக்குப் பிடித்தது முள்ளம்பன்றிதான். அதுவே நிலைத்துவிட்டது.

மே 1, வியாழன்

பொள்ளாச்சிப் பெரியப்பா வந்து போனார். முள்ளம்பன்றி இறங்கியது, முருகன் ஏறினார், பெரியப்பா போனதும் முருகன் இறங்கினார். என் உத்தியோகம் இதுதான். விளக்கிவிடுகிறேன்.

போன வருஷம் வடவள்ளியில் இந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். உண்மையிலேயே சொல்லி வைத்திருந்தால் ஒரு மிக்சியாவது தேறியிருக்கும். ஒவ்வொரு கடிகாரத்திலும் நடுவில் ஒரு சாமி, கீழே சாமியைவிடப் பெரிதாகக் கொடுத்தவர் பெயர், ஊர், மனைவி பெயர். அன்பளிப்பு என்று வேறு அச்சடித்திருக்கும். நான் வம்பளிப்பு என்று படிப்பேன்.

கொடுத்தவர் திரும்ப நம் வீட்டுக்கு வரும்போது, செருப்பைக் கழற்றுவதற்கு முன் கண் சுவருக்குப் போகும். தன் கடிகாரம் அங்கே இருந்தால்தான் காபி தொண்டையில் இறங்கும். இதற்கு எல்லாச் சுவரிலும் மாட்டிவிடலாம் என்றால், வாஸ்து பார்த்தவர் கடிகாரம் கிழக்குச் சுவரில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். அந்தச் சுவரில் பாதி ஜன்னல். மீதியில் அப்பா டெக்சர் பெயிண்ட் அடித்து, நடுவில் ஒரே ஓர் ஆணி இறக்கி, இன்னொரு ஆணி அடிக்கிறவன் கையை ஒடிப்பேன் என்று அறிவித்துவிட்டார்.

ஆக, ஆணி ஒன்று, சொந்தம் பல. கேட் சத்தம் கேட்டதும் நான் ஸ்டூலில் ஏறி, வருகிறவருக்கு உரியதை மாட்ட வேண்டும். மற்ற கடிகாரங்கள் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நான் தினமும் தூங்குவது இத்தனை பேருடைய அன்பின் மேல்தான். கீழே டிக் டிக் என்று ஊரே பல் கடிக்கும். வேலுச்சாமி அங்கிள் கொடுத்தது மட்டும் சத்தம் போடாது. அப்பாவோடு பம்ப் செட் வியாபாரம் பண்ணுகிறவர், பம்ப் வடிவத்திலேயே கடிகாரம் கொடுத்தவர். ஒரு மாதமாக அது ஓடவில்லை. அடியில் தனியாக இருக்கும் பெட்டியில் புது செல் போட்டுப் பார்த்தேன், அப்போதும் ஓடவில்லை. பம்ப்பும் அப்படித்தானோ என்னவோ.

யாரும் வராத நாட்களில் ஆணி காலியாக இருக்கும், இல்லையென்றால் கடைசியாக வந்தவருடையது தொங்கும். அந்த இடத்தைத்தான் அம்மா பிடித்திருக்கிறாள். இந்த வீட்டில் டைல்ஸ் அப்பா தேர்வு. சமையலறை ஈஸ்வரி அத்தை யோசனை. பூஜை அறை வாஸ்துக்காரர். கேட்டின் நிறம்கூடப் பெரியப்பா சொன்னதுதான். அம்மா இது வரை எதையும் கேட்டதில்லை. கேட்டதே இல்லை, கடைசியில் கேட்டது முள்ளம்பன்றி.

மே 3, சனி

வேலுச்சாமி அங்கிள் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தார். அவருடைய ஓடாத பம்ப்பை மாட்டினேன். அப்பா வாசல்வரை போய் அவரைப் பேச்சில் நிறுத்தி வைத்து, அதற்குள் நான் முள்ளைக் கையால் நகர்த்திச் சரியான மணி வைத்து, எல்லாம் நேர்த்தியாக நடந்தது.

சாப்பிடும்போது அப்பாவே என் பெருமையை எடுத்துவிட்டார். "நறு, அந்த முள்ளம்பன்றியக் கொண்டாந்து அங்கிளுக்குக் காட்டு."

தூக்கி வந்து காட்டினேன். அங்கிள் புரை ஏறச் சிரித்தார். "இத மாட்டுனா வீட்டுக்கு வர்ற ஒறம்பரைக உக்காரவே யோசிப்பாங்களே. மேல உழுந்தா குத்திப்போடும்."

"அதுக்குத்தானுங் அங்கிள். ரொம்ப நேரம் உக்காராம இருக்கறதுக்கு," என்றேன்.

அப்பா மேசையைத் தட்டினார். எல்லாரும் சிரித்தோம். அம்மா இன்னும் கொஞ்சம் ரசம் கொண்டுவருகிறேன் என்று எழுந்தாள். யாரும் ரசம் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள், கையில் ரசமும் இல்லை.

மே 5, திங்கள்

சிலிண்டர் வந்தது. மாவரைத்தோம். ஒரு மாதமாக இந்த வீட்டில் சப்பாத்தி இல்லை. சப்பாத்திப் பலகை விரிசல் விட்டுவிட்டது, போட்டாச்சு என்கிறாள் அம்மா. இன்னொன்று வாங்கினால் என்ன என்றால், பார்க்கலாம் என்கிறாள்.

மத்தியானம் தினமும் மொட்டை மாடி அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வத்தல் காய்கிறதாம், காக்கா வருமாம். கோடை முழுக்க ஒரு வத்தலைக்கூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. நகக்கணுவில் தங்க நிறத்தில் என்னவோ ஒட்டியிருந்தது. கேட்டால் மஞ்சள் என்றாள். மஞ்சளில் மினுமினுப்பு ரகம் வந்திருக்கிறது போல.

மே 6, செவ்வாய்

கரண்ட் போன நேரத்தில் அம்மா தன் போனில் படங்கள் காட்டினாள். எல்லாம் அந்தக் கால வெளிநாட்டு வீடுகளின் ஹால். தேக்குச் சுவரில் கண் மாதிரி ஒரு கடிகாரம். காற்றாடி மாதிரி ஒன்று. எண்ணுக்குப் பதில் வண்ண வண்ணமாக உருண்டை வைத்த ஒன்று. சோபாவும் மேசையும் கடிகாரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுக்கொன்று சாயல்.

"மணி எதுக்கும்மா போடாம உட்டாங்க?"

"அப்பவே எல்லார் கையிலயும் வாட்ச் வந்துருச்சு. மணி பாக்கறக்கு யாரும் சுவத்தப் பாக்கறதில்ல. அப்புறம் சுவத்துல இருக்கறது பாக்கறக்கு அழகா இருந்தாப் போதாதா?"

"நம்ம கையிலதான் போன் இருக்கே. சுவரே எதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. போனை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "நாள் பூரா நாந்தான் அந்தச் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன். லீவு இல்லாத நாள்ல நீங்க ரெண்டு பேரும் ராத்திரிக்குத்தான் வர்றீங்க."

பதில் சொல்ல வந்தேன். கரண்ட் வந்துவிட்டது.

மே 8, வியாழன்

என் வாழ்நாள் சாதனை. கூடவே வாழ்நாள் திட்டு.

ஈஸ்வரி அத்தை கவுந்தப்பாடியிலிருந்து திடீரென்று வந்தார். அப்பாவின் அக்கா. அத்தை கொடுத்த கடிகாரம்தான் இருப்பதிலேயே பெரியது. நடுவில் அருவி ஓடும், விளக்கு எரியும், மணிக்கொரு தரம் பாட்டுப் பாடும். அத்தைக்கும் பொள்ளாச்சிப் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் மேலேயும் அத்தை பெயர் கீழேயும் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒருவர் இருக்கும் பந்தியில் இன்னொருவர் உட்காருவதில்லை.

நான் பெரியப்பாவின் முருகனை மாட்டினேன். அவசரத்தில் கை மாறிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, மாறவில்லை.

அத்தை உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். முருகனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே இருந்த பெயரைப் படித்தார். போட்ட கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"ஏன் தம்பி, என்ற கடியாரம் எங்க? பழைய இரும்பு எடுக்கற ஆக்கர்காரனுக்குப் போட்டுட்டயா?"

"இல்லக்கா, செல் மாத்தறக்குக் கழட்டுனது..."

"அந்த மனுசனோட கடியாரத்துக்கு மட்டும் செல்லு தீராதாக்கும். சரி. நா வர்றன்."

ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். அப்பா பஸ் ஸ்டாண்டு வரை போய்க் கெஞ்சிவிட்டு வந்து தீர்ப்பு வாசித்தார். இந்த மாதக் கடைசியில் அத்தை வந்து பத்து நாள் தங்கப்போகிறார். இனிமேல் கிழக்குச் சுவரில் அத்தை கடிகாரம்தான், நிரந்தரமாக. மாற்றும் வேலையே கிடையாது. "அந்த முள்ளம்பன்றியப் பரண் மேல போடு. சிரிச்ச வரைக்கும் போதும்."

அம்மா சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "சரிங்," என்றாள். அவ்வளவுதான். எனக்கு விழுந்த திட்டுகூட அதைவிட நீளம்.

மே 9, வெள்ளி

பரணில் போட நான்தான் தூக்கிப் போனேன். ஸ்டூலில் ஏறும்போது கை நழுவிவிட்டது. இது நிஜமாகவே நழுவியது.

ஒரு கம்பி, நுனி உருண்டையும் கழன்று, பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வளைந்த இடத்தில் தங்கப் பெயிண்ட் உரிந்து, உள்ளே வெள்ளிக் கம்பி தெரிந்தது. ஒரு முனையில் மரை. மறு முனை கொக்கி மாதிரி வளைந்து, தலை தட்டையாக இருந்தது. நடுப் பலகையைத் திருப்பினால், பின்பக்கம் மாவு படிந்த கோடுகள். எங்கள் வீட்டுச் சப்பாத்திப் பலகையின் பின்பக்கம் எனக்குத் தெரியாதா.

உச்சிக் கம்பியின் ஊதாப் பொட்டைத் தேய்த்துப் பார்த்தேன். நகப்பாலிஷ். ஆறாம் வகுப்பில் சைக்கிளின் முன் சக்கரத்தில் ஒரே ஒரு கம்பிக்கு ஊதா நகப்பாலிஷ் பூசினேன். ஓட்டும்போது அது மட்டும் சுற்றிச் சுற்றி மேலே வரும். அந்தக் கம்பி மேலே வரும்போதெல்லாம் பெடலை அழுத்துவேன். அது ஒரு விளையாட்டு.

ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. முன் சக்கரம் இல்லை.

ஊரில் திருட்டு அதிகமாகிவிட்டது.

மத்தியானம் சாப்பிடவில்லை. வெயில்.

மே 10, சனி

கடிகாரத்தைப் பரணில் போடாமல், உடைந்த கம்பியோடு தையல் மெஷின் மேல் வைத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் கம்பி நேராகி, பெயிண்ட் பூசி, பழையபடி நிற்கிறது. அம்மா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு அவளே அதைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் வைத்தாள், குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அல்ல, கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருகிற மாதிரி.

மே 14, புதன்

அத்தையின் அருவி கிழக்குச் சுவரில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பச்சை விளக்கு, நீல விளக்கு, மறுபடி பச்சை. ஹாலில் உட்கார்ந்தால் மீன் தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மணிக்கொரு தரம் பாட்டு. பாட்டு முடிகிற இடத்தில் ஒரு குயில் கூவும், ஜலதோஷம் பிடித்த குயில். கீழே அத்தை பெயர், மாமா பெயர், ஊர், செல் நம்பர். ராத்திரியில் செல் நம்பர் ஒளிர்கிறது. திருடன் வந்தால் அத்தைக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

அம்மா தினமும் துடைக்கிறாள். மணி பார்க்க மட்டும் போனை எடுக்கிறாள். மொட்டை மாடி அறை இப்போது திறந்தே கிடக்கிறது. வத்தல் சீசன் முடிந்துவிட்டது.

அப்பா இரவு என்னைக் கேட்டார்: "என்ன நறு, புது ஜோக் எதுவும் இல்லையா?"

இல்லை என்றேன்.

மே 18, ஞாயிறு

பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அம்மா, யாராச்சும் கையால ஒரு சாமான் செஞ்சு, அதப் போயி கடையில வாங்குனேன்னு எதுக்கும்மா சொல்லோணும்?"

அம்மா தலை நிமிரவில்லை. "கடையில வாங்குனதுன்னா நல்லா இல்லைம்பாங்க. அதோட போச்சு. கையால செஞ்சதுன்னா, இவளுக்கு வேற வேலை இல்லையாம்பாங்க."

"யாரு?"

"யாரோ. பொதுவாச் சொல்றேன்."

"நானும் பொதுவாத்தான் கேட்டேன்."

பூண்டு கண்ணில் பட்டுவிட்டது. கண்ணில் படுவது வெங்காயம் அல்லவா என்று கேட்காதீர்கள்.

மே 21, புதன்

யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் அம்மா கடிகாரம் அழகாக இருக்கிறது என்று வாதாடி ஜெயிக்க முடியாது. அழகு என்ற சொல்லைக் கேட்டாலே அப்பா டெக்சர் பெயிண்டைக் காட்டுவார். கேலி செய்தும் ஜெயிக்க முடியாது. இருந்த கேலியெல்லாம் நானே தப்பான பக்கத்துக்குச் செலவழித்துவிட்டேன்.

ஆனால் இந்தச் சொந்தக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொருவர் அன்பின் மேலும் படுத்துத் தூங்குகிறவள் நான்.

அப்பாவிடம் மெதுவாகப் போட்டேன். ஜூன் ஒன்று ஞாயிறு, வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, அத்தையும் இருப்பார், ஒரு சின்ன விருந்து வைத்தால் என்ன. அப்பா குளிர்ந்துவிட்டார். "உனக்கும் பொறுப்பு வந்துருச்சு சாமி. யார் யாரக் கூப்படறதுன்னு நீயே போன் பண்ணீரு."

பண்ணினேன்.

"பெரியப்பா, கண்டிப்பா வந்தரோணும். உங்க முருகரக் கேட்டா ஹால்ல பாக்கலாம்." வேலுச்சாமி அங்கிளுக்கு: "நீங்க குடுத்த பம்ப்பப் பத்தித்தானுங் அங்கிள் வர்றவங்ககிட்டயெல்லாம் பேச்சு." மற்றவர்களுக்கும் இதே பாட்டு, சாமி மட்டும் மாற்றி. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எங்கே தொங்குகிறது என்று நான் சொல்லவே இல்லை.

மே 31, சனி

அத்தை வந்தாச்சு. கவுந்தப்பாடி வெல்லம் ஒரு பை. தன் அருவிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் காபி குடித்தார்.

நான் பரணுக்கு ஏறி, புடவை சுற்றிய பொட்டலத்தைக் கீழே இறக்கி வைத்தேன். எலி இருக்கிறது என்று காரணம் சொன்னேன்.

ஜூன் 1, ஞாயிறு

கை வலிக்கிறது, இருந்தாலும் இதை முழுசாக எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் வந்தது பெரியப்பா. செருப்பு காலிலேயே இருந்தது. கண் சுவருக்குப் போனது. அருவி. அருவிக்குக் கீழே அத்தையின் செல் நம்பர். அதற்குக் கீழே அத்தையே.

"மூர்த்தி, என்ற முருகன் எங்கப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கோலத்தைப் பார்த்தேன்.

"உள்ள இருக்குதுங்ணா, பத்தரமா..."

"உன்ற புள்ளை ஹால்ல இருக்குதுன்னு போன்ல சொல்லுச்சு."

"பாக்கலாம்னுதானுங் பெரியப்பா சொன்னேன்," என்றேன்.

அத்தை முகத்தைத் திருப்பாமல் அப்பாவிடம் சொன்னார்: "அங்க இருக்கறது என்ற கடியாரம்னு அவருகிட்டச் சொல்லு தம்பி. அது எறங்காதுன்னும் சொல்லீரு."

"அப்ப நா இங்க கை நனைக்க மாட்டன்னு அவளுக்குச் சொல்லு மூர்த்தி."

அதற்குள் வேலுச்சாமி அங்கிள் சம்சாரத்தோடு வந்துவிட்டார். "எங்க மூர்த்தி நம்ம பம்ப்பு? வீட்டுல பாக்கோணும்னு கூட்டியாந்தேன்." பின்னாலேயே இன்னும் இரண்டு கார். எல்லாக் கண்ணும் ஒரே ஆணிக்கு. உள்ளே சாம்பார் வாசம், பாயச வாசம், இலை போட்டாகிவிட்டது, ஒருவரும் இலைப் பக்கம் நகரவில்லை. பம்ப் செட் விற்கிறவருக்கு எந்தச் சத்தத்தில் மோட்டார் எரியும் என்று தெரியும். அப்பா முகத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்டூலைப் போட்டார். ஒரு கையில் முருகன், ஒரு கையில் பம்ப். மேலே ஏறி அருவியைக் கழற்றப்போனார். "தம்பி," என்றார் அத்தை. ஒரே சொல். இறங்கினார். முருகனைக் கீழே வைத்தார். "மூர்த்தி," என்றார் பெரியப்பா. முருகனை மறுபடி எடுத்தார். வாழ்நாளில் என் அப்பா இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "நறு, அந்த முள்ளம்பன்றி எங்க இருக்குது?" என்றார்.

"எந்த முள்ளம்பன்றிங்ப்பா?"

"அதான்... அந்த மிட்டு..."

"புரியலீங்ப்பா."

அப்பா முருகனையும் பம்ப்பையும் கீழே வைத்தார். பிறகு கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "உங்கம்மாளோட கடியாரத்தக் கொண்டா."

கொண்டுவந்தேன். அருவி இறங்கியது. அத்தை வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "யாரோடதும் வேண்டாங்க்கா. உன்னுதும் இல்ல, அண்ணனுதும் இல்ல. சுகந்தியோடது. இதுக்கு யாரும் கோவிச்சுக்கறக்கில்ல."

தானே ஏறி மாட்டினார். எல்லாரும் மேலே பார்த்தார்கள். தன் கடிகாரம் இல்லையே என்ற வருத்தமும், அடுத்தவனுடையதும் இல்லை என்ற நிம்மதியும் எல்லார் முகத்திலும் சரிபாதியாக இருந்தன. பெரியப்பா செருப்பைக் கழற்றினார்.

"இதென்னப்பா, மணி மூணரைன்னு காட்டுது? நம்பரே காணம்," என்றார்.

அப்பா அவசரத்தில் கோணலாக மாட்டியிருக்கிறார். எந்தக் கம்பி மேலே என்று அவருக்கு எப்படித் தெரியும்? மேலிருந்தே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு புது மணி. வேலுச்சாமி அங்கிள் சிரிக்க ஆரம்பித்தார்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எறங்குங்க," என்றாள். அப்பா இறங்கினார். அம்மா ஸ்டூலில் ஏறி, கடிகாரத்தை லேசாகத் திருப்பினாள். ஊதாப் பொட்டு நேர் உச்சிக்கு வந்து நின்றது. மணி பன்னிரண்டேகால். இத்தனை பேர் இருந்த ஹாலில் பன்னிரண்டு எது என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்தது. இறங்கும்போது அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை.

"இது யாரு குடுத்தது?" என்றார் அத்தை. அத்தை உலகத்தில் கடிகாரம் என்றால் யாராவது கொடுத்துத்தான் வர வேண்டும்.

"யாரும் குடுக்கலக்கா. பெங்களூர்ல வாங்குனா," என்றார் அப்பா.

"இல்லீங் அண்ணி," என்றாள் அம்மா. "வாங்கல. நாந்தான் செஞ்சேன்."

அப்பா ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார். அவர் இத்தனை நாள் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து முகத்தில் இறங்குவதைப் பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் வந்து இறங்கியது. நான் பாயசத்தைக் கிளறப் போய்விட்டேன், யாரும் கிளறச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்தே கேட்டேன்.

"கம்பி?" இது அத்தை.

"நறுவோட பழைய சைக்கிளுதுங்."

"உள்ள ஓடற மெஷின் எங்கம்மா புடிச்ச?" இது வேலுச்சாமி அங்கிள்.

"வீட்டுலயே ஒண்ணு சும்மாக் கெடந்துச்சுங்."

அங்கிள் தன் பம்ப்பை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதன் வயிறு காலி என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லாரும் சாப்பிட்டார்கள். பெரியப்பா இரண்டு தரம் பாயசம் வாங்கினார். மற்றவர்கள் கிளம்புகிற நேரத்தில், தங்கியிருக்கப்போகிற அத்தை அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பாக்கப் பாக்க நல்லாத்தான் இருக்குது. ஆவணில எங்க பக்கத்துல ரெண்டு கிரகப்பிரவேசம் வருது சுகந்தி. எனக்கு ரெண்டு செஞ்சு குடு. நடுவுல அன்பளிப்புன்னு போட்டு என்ற பேரப் பெருசா எழுதீரு."

"செஞ்சு தர்றனுங் அண்ணி. பேரு எழுத மாட்டனுங்."

"பேரு இல்லாம அப்பறம் எதுக்குக் குடுக்கறது?"

"பேரு வெட்டறக்குத்தான் எவர்சில்வர் இருக்குதுங்களே அண்ணி."

சொல்லிவிட்டு, அத்தைக்கு ஒரு வெற்றிலையை நீவிக் கொடுத்தாள். என் வாய் எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாளாக அப்பா பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

அருவியை என் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார்கள். இதை எழுதும்போது கீழேயிருந்து குயில் கூவுகிறது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. தமிழ் மிஸ் நாட்குறிப்பு எழுதினாயா என்றார். சைக்கிள் பற்றி எழுதினேன் என்றேன்.

காலையில் கிளம்பும் முன், பழைய சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றி மொட்டை மாடி அறை வாசலில் சாத்தி வைத்திருந்தேன். ஒரு கம்பிக்கு மட்டும் பச்சை நகப்பாலிஷ் பூசி.

சாயங்காலம் வந்து பார்த்தேன். சக்கரத்தைக் காணோம். அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே வத்தல் காய்கிறதாம்.

திருட்டு ஜாஸ்தியாகிவிட்டது. புகார் கொடுப்பதாக இல்லை.